கச்சேரி விமர்சனத்தில் குறையை எப்படி எழுதுகிறார்கள்?

விமர்சனம் என்பது தீர்ப்பு அல்ல. கேட்டதை, கேட்காதவருக்கும் புரியும்படி எடுத்துச் சொல்வது. அதனால் குறை எங்கே என்று இடம் குறிக்க வேண்டும். "சுருதி சேரவில்லை" என்றால் போதாது. "தோடி ராக ஆலாபனையில் மேல் ஷட்ஜத்தில் (மேல் 'ஸ'வில்) நின்றபோது இரண்டு முறை சுருதி இறங்கியது" என்று எழுதினால் அன்று அரங்கில் இருந்தவர் ஒப்பிட்டுப் பார்க்கலாம், பாடகரும் திருத்திக்கொள்ளலாம். சாம்பார் 'நல்லா இல்லை' என்பதற்கும் 'புளி தூக்கல்' என்பதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

அடுத்தது, யாருடைய குறை? மிருதங்கம் பாட்டை அமுக்கினால் வாசித்தவரைத் திட்டுவது சுலபம். பல நேரம் கோளாறு மைக்கில் இருக்கும். முன்வரிசையில் கொஞ்ச நேரம், பின்வரிசையில் கொஞ்ச நேரம் கேட்டால் தெரிந்துவிடும். பழி கச்சேரி நடத்தும் சபாவின் மேல் என்றால் செயலாளரிடம் கேட்டு அவர் பதிலையும் சேர்ப்பது முறை, அது தகவல். பாட்டைப் பற்றிய கருத்துக்குப் பாடகரிடம் விளக்கம் கேட்க வேண்டியதில்லை.

கல்கி ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற புனைபெயரில்தான் இசை விமர்சனம் எழுதினார். புனைபெயர் கொஞ்சம் தைரியம் தருமோ என்னவோ!

குறை சொன்னாலே பகை என்று பலர் நினைக்கிறார்கள். 'கச்சேரி களைகட்டியது' என்று மட்டும் எழுத, பாதியில் எழுந்து போனவராலும் முடியும்.