நிற்க முடியாத அம்மாவுக்கு மேமோகிராம் எடுக்க முடியாதா?

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. பக்கவாதத்துக்குப் பிறகு சக்கர நாற்காலிதான், இடது கையைத் தூக்க வராது. மார்பகப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கும் எக்ஸ்ரேயான மேமோகிராமுக்குக் கூட்டிப் போனால், நிற்க முடியாதவர்களுக்கு எடுக்க மாட்டோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பேஸ்மேக்கர் இருப்பதால் எம்.ஆர்.ஐ.யும் முடியாதாம். இப்போது ஒருவர், வலியில்லை, கதிர்வீச்சில்லை, தொடக்கூட மாட்டோம் என்று தெர்மோகிராபிக்கு அழைக்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். தெர்மோகிராபி என்பது தோலின் சூட்டைப் படமெடுப்பது, அவ்வளவுதான். உள்ளே இருக்கும் சிறு புற்றுநோய் தோலைச் சுடவைத்துத்தான் ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மேமோகிராமுக்கு இது மாற்று ஆகாது என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. பொதுமக்களை வெளிப்படையாகவே எச்சரித்திருக்கிறது. காசு போவதைவிட எனக்குப் பெரிய கவலை, கையில் கொடுக்கும் கலர் கலரான ரிப்போர்ட். "நார்மல்" என்று அதில் பார்த்துவிட்டு இரண்டு வருஷம் நிம்மதியாக இருந்துவிடுவீர்கள். "ஒரே ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம்" என்று பேக்கேஜ் விற்பவர்களும் இதே வகைதான். சி.ஏ. 15-3 என்ற அந்தப் பரிசோதனை ஆரம்பநிலை நோயைத் தேடுவதற்கானது அல்ல.

சரி, அம்மா விஷயத்துக்கு வருகிறேன். மேமோகிராமை உட்கார்ந்தபடியே எடுக்கலாம். இயந்திரத்தின் தலைப்பகுதி கீழே இறங்கும். கைப்பிடியைக் கழற்றக்கூடிய நாற்காலி, தாங்கிப் பிடிக்க இன்னொரு ஆள், கொஞ்சம் கூடுதல் நேரம், இவ்வளவுதான் வேண்டும். மணிக்கு இத்தனை பேர் என்று கணக்குப் போட்டு நடத்தும் இடத்தில் அந்த நேரத்தைத் தர யாருக்கும் மனமில்லை. "முடியாது" என்று அவர்கள் சொன்னதற்குப் பெரும்பாலும் அதுதான் அர்த்தம். அதனால் நேரில் போய் நிற்காதீர்கள். முதலில் போன் செய்து, சக்கர நாற்காலி, கை தூக்க வராது, பேஸ்மேக்கர் இருக்கிறது என்ற மூன்றையும் சொல்லி, இரட்டை நேரம் கேளுங்கள். வரவேற்பில் இருப்பவர் மழுப்பினால், படம் எடுக்கும் டெக்னீஷியனிடமே பேசுங்கள்.

இடது பக்கம் முழுமையாகப் படத்தில் விழாமல் போகலாம். பரவாயில்லை. எந்தப் பகுதி விழவில்லை என்று ரிப்போர்ட்டில் எழுதச் சொல்லுங்கள். அதை எழுதாமல் பொத்தாம்பொதுவாக நார்மல் என்று முடித்துவிடும் பழக்கம் ஒன்று உண்டு, எனக்கு அடக்க முடியாத எரிச்சல் அதன்மேல். விடுபட்ட இடத்தை அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொள்ளலாம். படுத்தபடியே செய்யலாம், கை கொஞ்சம் விலகினால் போதும். ஆனால் அல்ட்ராசவுண்ட் மட்டுமே போதும் என்று விட்டுவிடாதீர்கள். சில ஆரம்பநிலைப் புற்றுநோய்கள் பொடிப்பொடியான சுண்ணாம்புப் புள்ளிகளாகத்தான் தெரியும். மேமோகிராமில் பளிச்சென்று தெரியும் அவை அல்ட்ராசவுண்டில் பெரும்பாலும் தப்பிவிடும்.

எம்.ஆர்.ஐ. பற்றிக் கவலையே வேண்டாம். பரம்பரை மரபணுக் கோளாறு போல அதிக ஆபத்து உள்ளவர்களுக்கான பரிசோதனை அது. குப்புறப் படுத்து அசையாமல் இருக்கவும் வேண்டும். மற்றபடி, பேஸ்மேக்கர் என்றாலே எம்.ஆர்.ஐ. கூடாது என்பது பழைய கதை. இப்போது வரும் பல கருவிகளுக்கு, சில நிபந்தனைகளோடு எடுக்கலாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். மேலே சொன்னதெல்லாம் அம்மாவுக்கு எந்த அறிகுறியும் இல்லை என்றால்தான். கட்டி தட்டுப்பட்டால், தோல் குழி விழுந்தால், காம்பு புதிதாக உள்ளிழுத்தால், ரத்தம் கசிந்தால், அக்குளில் நெறி கட்டினால், அது அறிகுறி இல்லாதவர்களுக்குச் செய்யும் ஸ்கிரீனிங் அல்ல, நோயைத் தேடும் வேலை. நேராக மார்பக மருத்துவரிடம் போங்கள். மார்பு சிவந்து வீங்கி, ஆன்டிபயாடிக் கொடுத்தும் அடங்காவிட்டால் அதுவும் இதில் சேர்த்திதான். "கட்டி இல்லையே" என்று இதைத் தள்ளிப்போட்டு வருபவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தடவினால் தெரிகிற கட்டி படத்தில் தெரியவில்லை என்றாலும், சதையில் துளி எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸி தேவையா என்று மருத்துவர் கையால் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அம்மாவால் தானே தடவிப் பார்க்க முடியாது. அதனால் குளிப்பாட்டுபவரிடம் இந்தப் பட்டியலைச் சொல்லி வையுங்கள்.

அப்புறம், அந்தத் தெர்மோகிராபிக்காரருக்கு முன்பணம் ஏதும் கொடுத்திருந்தால், இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள்.