முன்பின் தெரியாதவருக்கு ஒரு கதை: யூல்டைடில் முதல்முறை சேர்கிறவருக்கு

கேள்வி: ஏஓ3 (ஆர்கைவ் ஆஃப் அவர் ஓன்) தளத்தில் ஃபேன் ஃபிக்ஷன், அதாவது பிடித்த நாவல், தொடர்களின் பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் எழுதும் கதைகள், விரும்பிப் படிப்பேன். நாலைந்து சிறுகதைகள் எழுதியும் பதிவேற்றியிருக்கிறேன். இந்த ஆண்டு யூல்டைட் பரிசுப் பரிமாற்றத்தில் சேர ஆசை. ஆனால் விதிகளைப் படித்தால் தலை சுற்றுகிறது. யாருக்கு எழுதப்போகிறேன் என்றே தெரியாமல் எப்படி ஒப்புக்கொள்வது? பாதியில் முடியாமல் போய்விட்டால் என்ன ஆகும்? பணம் ஏதும் கட்ட வேண்டுமா?
— கல்லூரி மாணவி, கோவை

பதில்: பணம் ஒரு பைசா வேண்டாம். ஏஓ3 லாப நோக்கில்லாத அமைப்பு நடத்தும் தளம். அங்கே வணிகத்துக்கே இடமில்லை. நீங்கள் ஒருவருக்குக் கதை எழுதுவீர்கள், உங்களுக்கு வேறொருவர் எழுதுவார். அவ்வளவுதான் பரிமாற்றம். 2003-இல் தொடங்கிய யூல்டைட், அதிகம் பேர் எழுதாத சின்ன ஃபேண்டம்களுக்கானது (ஃபேண்டம் என்றால் ரசிகர்கள் கதை எழுதும் ஒரு தொடர், நாவல், படம் போன்றது). 2009 முதல் ஏஓ3-இல் நடக்கிறது.

முதலில் ஃபேண்டம்களை முன்மொழிவார்கள். அந்தப் பட்டியல் முடிவானதும் சைன்-அப் திறக்கும். பொதுவாக அக்டோபர் கடைசியில், யாருக்கு எழுத வேண்டும் என்ற அசைன்மென்ட் உங்கள் மின்னஞ்சலுக்கு வந்துவிடும். டிசம்பர் நடுவில் கெடு. கதைகள் கிறிஸ்துமஸ் அன்று திறக்கப்படும், எழுதியவர் பெயர் புத்தாண்டு அன்று வெளியாகும்.

உங்கள் பயத்துக்கான மருந்து சைன்-அப் படிவத்திலேயே இருக்கிறது. அதில் இரண்டு பகுதிகள். ஒன்று, உங்களுக்கு என்ன கதை வேண்டும் என்பது. மற்றது, நீங்கள் எதை எழுதத் தயார் என்பது. ஆளும் ஆளும் பொருத்தப்படுவது இந்த இரண்டாவது பகுதியை வைத்துத்தான். எனவே யாருக்கு என்பது தெரியாவிட்டாலும், எந்த ஃபேண்டம், எந்தப் பாத்திரங்கள் என்பது உங்கள் கையில். புதிதாகச் சேர்பவர்கள் தடுக்கி விழுவதும் இங்கேதான். பட்டியலைப் பார்த்த உற்சாகத்தில், என்றோ ஒருமுறை பார்த்த தொடரையெல்லாம் டிக் செய்துவிடுவார்கள்; அசைன்மென்ட் வந்ததும் கை ஓடாது. ஒவ்வொரு டிக்குக்கு முன்னும் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் பாத்திரத்தை வைத்து இன்றைக்கே ஆயிரம் சொல் எழுத வருமா? வராதென்றால் விட்டுவிடுங்கள். யூல்டைடில் குறைந்தபட்ச அளவே ஆயிரம் சொல். அதற்கு மேல் எவ்வளவும் போகலாம். ‘தொடரும்’ போடக் கூடாது, கதை முடிந்திருக்க வேண்டும்.

கேட்கும் பகுதியிலும் கவனம் வேண்டும். ஒரே கோரிக்கையில் நான்கு பாத்திரங்களைக் குறித்தால், நான்கு பேரையும் கதைக்குள் கொண்டுவரும் பாரம் எழுதுபவர் தலையில் விழும். ஒன்றிரண்டு போதும்.

படிவத்தோடு எழுத்தாளருக்கு ஒரு கடிதமும் இணைக்கலாம். கட்டாயமில்லை என்றாலும் எழுதுங்கள். “எது எழுதினாலும் சந்தோஷம்” என்று விட்டுவிடுவது பெருந்தன்மைபோலத் தோன்றும். வெற்றுத்தாளோடு உட்கார்ந்திருப்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அதற்குப் பதில், “அக்கா தங்கை இருவரும் சண்டைக்குப் பிறகு முதல்முறை பேசிக்கொள்ளும் காட்சி பிடிக்கும். வழக்கு நடந்த காலத்துக்கு முந்தைய கதையும் சரி. வசனம் நிறைய இருந்தால் இன்னும் நல்லது” என்று எழுதினால் அவருக்கு நான்கு வாசல் திறக்கும். கூடவே டிஎன்டபிள்யூ பட்டியல், அதாவது கதையில் கண்டிப்பாக வரக் கூடாதவை: “முக்கியப் பாத்திரம் சாவது, விலங்குகளைத் துன்புறுத்துவது, ‘நான்’ என்று தன்மையில் சொல்லும் கதை” என்பதுபோல நேராக, சுருக்கமாக. காரணம் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் கைக்கு வரும் கடிதத்தையும் அப்படியே படியுங்கள். அதில் உள்ள ஆசைகள் யோசனைகள் மட்டுமே. ஒன்றைக்கூட எடுத்துக்கொள்ளாமலும் எழுதலாம். டிஎன்டபிள்யூ அப்படியல்ல, அதை மீறவே கூடாது. இன்னொன்று: பொருத்தம் ஒரு ஃபேண்டமில்தான் அமைந்திருக்கும் என்றாலும், அவர் கேட்ட மற்றவற்றில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். முடித்ததும் பிழை பார்க்க ஒரு பீட்டாவை, அதாவது வெளியிடும் முன் படித்துத் திருத்தம் சொல்பவரை, தேடுங்கள். கதை யாருக்கோ, அவரையே கேட்டுவிடாதீர்கள்.

பதிவேற்றும்போது சறுக்குபவர்கள் நிறைய. உங்கள் டாஷ்போர்டில் ‘அசைன்மென்ட்ஸ்’ பக்கம் போய், அங்குள்ள ‘ஃபுல்ஃபில்’ பொத்தான் வழியாகவே கதையைப் போடுங்கள். பெறுபவர் பெயரும் யூல்டைட் தொகுப்பும் தானாகச் சேர்ந்துவிடும். வழக்கமான வழியில் போட்டு, தொகுப்பைச் சேர்க்க மறந்தால், கதை அந்த நிமிடமே உங்கள் பெயரோடு ஊருக்கே தெரிந்துவிடும். ஏஓ3-இல் சேமிக்கும் டிராஃப்ட் ஒரு மாதத்தில் தானாக அழிந்துவிடும் என்பதையும் மறக்காதீர்கள். அசைன்மென்டுக்கும் கெடுவுக்கும் இடையே அதைவிட நீண்ட காலம் இருப்பதால், கதையை உங்கள் கணினியிலோ கூகுள் டாக்ஸிலோ எழுதி வைத்துக்கொண்டு கடைசியில் ஒட்டுங்கள். கெடு நேரம் யூடிசி (உலகப் பொது நேரம்) கணக்கில் இருக்கும். இரவு 9 மணி என்று போட்டிருந்தால் நமக்கு அது மறுநாள் அதிகாலை 2:30. கதைக் குறிப்புகளில் உங்களை அடையாளம் காட்டும் எதையும் எழுதாதீர்கள். பெயர் வெளியாகும்வரை நீங்கள் பின்னூட்டத்துக்குப் பதில் போட்டாலும் அநாமதேயமாகவே தெரியும், அதில் பயமில்லை.

எழுத முடியாமல் போனால்? டிஃபால்ட் செய்யலாம், அதாவது விலகிக்கொள்ளலாம். அதற்கென்றே அசைன்மென்ட் பக்கத்தில் பொத்தான் இருக்கிறது. தேர்வு, காய்ச்சல், கதை வரவில்லை, எதுவானாலும் விளக்கம் தர வேண்டாம். விலகுவதற்கு, கதைக் கெடுவுக்குச் சில நாள் முன்பாகவே தனிக் கெடு உண்டு. அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் விலகியதும் அந்தக் கோரிக்கை பிஞ்ச் ஹிட்டர்களுக்குப் போகும். கைவிடப்பட்டவருக்காகக் கடைசி நேரத்தில் எழுதித் தரும் நல்ல மனசுக்காரர்கள் அவர்கள். சீக்கிரம் சொன்னால் அவர்களுக்கு இரண்டு வாரம் கிடைக்கும், கடைசி நாள் சொன்னால் இரண்டு இரவு. சொல்லாமல் காணாமல் போவதும், அரைகுறைக் கதையைப் போட்டு வைத்துப் பிறகு நிரப்பலாம் என்று நினைப்பதும்தான் உண்மையான தவறு.

உங்களுக்கு வந்த கதைக்கு, எழுதியவர் பெயர் வெளியாவதற்கு முன்பே பின்னூட்டம் போட்டுவிடுங்கள். இரண்டு வரி போதும், பிடித்த ஒரு வரியையாவது குறிப்பிட்டு.

இவ்வளவுக்கும் பிறகு தயக்கம் போகவில்லையா? இந்த ஆண்டு சைன்-அப் செய்யாமல் ஒரு ‘ட்ரீட்’ மட்டும் எழுதுங்கள். எல்லோருடைய கோரிக்கைகளும் வெளியிடப்படும்; பிடித்த ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கூடுதல் பரிசாக எழுதலாம். ஆயிரம் சொல்லுக்குக் குறைந்தால் அது ‘மேட்னஸ்’ என்ற தனித் தொகுப்புக்குப் போகும், முந்நூறு சொல்லில் முடிந்தாலும் பரவாயில்லை.