சுகர் ரிப்போர்ட்டில் வரும் எஃப்.பி.எஸ்., பி.பி.பி.எஸ்., ஹெச்.பி.ஏ.1சி இதற்கெல்லாம் என்ன அர்த்தம்? எளிமையாகச் சொல்ல முடியுமா?

இதைக் கேட்டவர் வீட்டில் யாருக்கோ முதல் ரிப்போர்ட் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். அப்பாவோ அம்மாவோ தாளை உங்கள் கையில் கொடுத்து, "என்ன போட்டிருக்கு, பாரு" என்று சொல்லிவிட்டு உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள். நீங்களும் தெரிந்த மாதிரி தலையாட்டியிருப்பீர்கள். நானும் அப்படித்தான் ஆட்டினேன். மூன்று மாதம் கழித்து அனுபவித்தேன்.

நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டுக் காரைக்குடியில் கடை வைத்திருப்பவன். "டாக்டரைப் பார்க்காமல் இங்கே என்ன வைத்தியம்?" என்று கமெண்டில் வரப்போகிறவர்களுக்கு: நான் எந்த மாத்திரையும் சொல்லப் போவதில்லை. தாளில் இருக்கும் எழுத்துக்கு அர்த்தம் தெரிந்துகொள்வது வைத்தியம் ஆகாது.

என் அப்பச்சிக்கு 68 வயது. (எங்கள் நகரத்தார் வீடுகளில் அப்பாவைத்தான் அப்பச்சி என்போம், தாத்தா என்று நினைத்துவிடாதீர்கள்.) நாற்பது வருடம் வட்டிக்கடையில் கணக்கு எழுதியவர். பேரேட்டில் ஒரு ரூபாய் இடித்தால் அன்றைக்குத் தூங்க மாட்டார். அவ்வளவு சுத்தமான மனிதர், ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் கள்ளக் கணக்கு எழுதினார். டெஸ்டுக்கு இரண்டு நாள் முன்பே இனிப்பை நிறுத்திவிடுவார். ராத்திரிக்குக் கஞ்சி. காலையில் ரத்தம் கொடுத்துவிட்டு நேராக ஹோட்டலுக்குப் போய் இரண்டு நெய் ரோஸ்ட். எஃப்.பி.எஸ். 118 என்று வந்தால், "பார்த்தியா?" என்று ஆத்தாவிடம் தாளை நீட்டுவார்.

எஃப்.பி.எஸ். என்றால் ஃபாஸ்டிங் பிளட் சுகர். குறைந்தது எட்டு மணி நேரம் தண்ணீரைத் தவிர எதுவும் சாப்பிடாமல் எடுப்பது. 100க்குக் கீழே இருந்தால் சாதாரணம், 100 முதல் 125 வரை எல்லைக்கோடு, திரும்ப எடுத்துப் பார்த்தும் 126ஓ அதற்கு மேலோ என்றால் சர்க்கரை நோய். பி.பி.பி.எஸ். சாப்பிட்ட பிறகு எடுப்பது, முதலில் வரும் இரண்டு எழுத்து போஸ்ட் பிராண்டியல். சாப்பிட்டு முடித்துக் கை கழுவியதிலிருந்து இரண்டு மணி நேரம் என்றுதான் பாதிப் பேர் நினைக்கிறார்கள். முதல் கவளம் வாயில் போன நேரத்திலிருந்து எண்ண வேண்டும். ஆர்.பி.எஸ். என்பது ரேண்டம், எந்த நேரத்திலும் எடுப்பது.

சரி, இங்கே ஒரு விஷயம் யாரும் சொல்வதில்லை. ரிப்போர்ட்டின் ஓரத்தில் நார்மல் என்று போட்டிருக்கும் அளவு சர்க்கரை நோய் இல்லாதவர்களுக்கானது. ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இலக்கு வேறு. பொதுவாக வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிட்ட பிறகு 180க்குள், ஹெச்.பி.ஏ.1சி 7க்குள் என்று வைத்துக்கொள்வார்கள். வயதானவர்களுக்கு டாக்டர் இன்னும் கொஞ்சம் தளர்த்துவார். ஆகவே 118 என்பது தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தாலும் அப்பச்சி வரைக்கும் நல்ல எண்தான். அந்த எண் உண்மையாக இருந்திருந்தால்.

அது உண்மையில்லை என்று காட்டிக்கொடுத்தது ஹெச்.பி.ஏ.1சி. ரத்தச் சிவப்பணுவில் ஹீமோகுளோபின் இருக்கிறது அல்லவா, ரத்தத்தில் ஓடும் சர்க்கரை அதன்மேல் போய் ஒட்டிக்கொள்ளும். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். எத்தனை சதவீதம் ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் கடந்த இரண்டு மூன்று மாதம் சர்க்கரை சராசரியாக எப்படி இருந்தது என்பது தெரிந்துவிடும். இதற்கு வெறும் வயிறு வேண்டாம். 5.7க்குக் கீழே சாதாரணம், 6.5க்கு வந்துவிட்டால் சர்க்கரை நோய். ரத்தசோகை இருந்தாலோ சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தாலோ இந்த எண் முன்னே பின்னே காட்டலாம், அதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அப்பச்சிக்கு நான் அவர் பாஷையில் சொன்னேன்: எஃப்.பி.எஸ். என்பது காலையில் கல்லாவை எண்ணுவது, யாரிடமாவது கைமாற்று வாங்கிப் போட்டுக்கூட ஒப்பேற்றிவிடலாம். ஹெச்.பி.ஏ.1சி மூன்று மாத ஐந்தொகை, அதாவது பேலன்ஸ் ஷீட். அங்கே கைமாற்று செல்லாது.

அந்த மார்கழியில் ஐந்தொகை 7.8 என்று வந்தது. கொஞ்சம் பயந்துதான் போனார். அந்தப் பயம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்று சாயங்காலம் பினாங்கிலிருந்து அம்மான், ஆத்தாவின் தம்பி, போன் செய்தார். பேச்சு சுகருக்கு வந்தது.

"7.8ஆ? எனக்கும் அதேதான் அத்தான்! சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு எடுத்தது. டாக்டர் ரொம்ப நல்லா இருக்குன்னுட்டார்."

அப்பச்சி போனை வைத்தபோது முகமே வேறு. "பினாங்கு டாக்டரே சொல்லிட்டார்" என்றார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன், பி.காம்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ரத்தச் சர்க்கரையை மில்லிமோல் கணக்கில் சொல்வார்கள். நாம் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் என்று சொல்கிறோம். அங்கே உள்ள எண்ணை 18ஆல் பெருக்கினால் நம் எண். அம்மானின் 7.8 நம் கணக்கில் 140, அதுவும் சாப்பிட்ட பிறகு. தாராளமாகப் பாராட்டலாம். அப்பச்சியின் 7.8 சதவீதம். அதைச் சராசரிச் சர்க்கரையாக மாற்ற ஒரு கணக்கு உண்டு: 28.7ஆல் பெருக்கி 46.7ஐக் கழிக்க வேண்டும். கிட்டத்தட்ட 177 வரும். சில ரிப்போர்ட்டில் இ.ஏ.ஜி. என்று கீழே ஒரு வரி இருக்கும், அது இதுதான். எங்கள் ரிப்போர்ட்டிலும் இருந்தது. யார் பார்த்தோம்?

பினாங்கு டாக்டர் புண்ணியத்தில் தை, மாசி எல்லாம் திருவிழாதான். பாதயாத்திரை போய்வந்த மூன்று வீட்டிலிருந்து பழனிப் பஞ்சாமிர்தம் வந்தது. கல்யாண வீடுகளில் கவுனி அரிசி, கந்தரப்பம், சீயம். "கவுனி கறுப்பரிசி, சுகருக்கு நல்லதுடா" என்று எனக்கே விளக்கம். அதில் போடும் சர்க்கரையும் நெய்யும் தேங்காயும் என்ன நிறம் என்று கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. பஞ்சாமிர்தத்தை நான் தடுத்தபோது, "இதுக்கு ஜி.ஐ. இருக்கு, பேப்பர்லயே போட்டிருந்தான்" என்றார். 2019இல் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் எங்கள் ஊர்க் கண்டாங்கிச் சேலைக்கும் கொடுத்த ஜி.ஐ. புவிசார் குறியீடு. டயட் ஆலோசகர் சொல்லும் ஜி.ஐ. கிளைசீமிக் இண்டெக்ஸ், ஒரு உணவு எவ்வளவு வேகமாகச் சர்க்கரையை ஏற்றுகிறது என்பதற்கான அளவு. குளுக்கோஸ் 100 என்று வைத்து, 55 வரை குறைவு, 70ஓ அதற்கு மேலோ என்றால் அதிகம். இரண்டுக்கும் கண்டாங்கிச் சேலைக்கும் கல்கண்டுக்கும் உள்ள உறவுதான்.

"செட்டிநாட்டுக்காரன், அந்தக் காரமும் எண்ணெயும் சாப்பிட்டால் சுகர் வராமல் என்ன வரும்?" என்று ஒருவர் எழுதுவார், எனக்குத் தெரியும். ஐயா, நெடுஞ்சாலையில் செட்டிநாடு என்று போர்டு மாட்டி, சிவப்பு மசாலாவில் கோழியை முக்கி எடுத்துக் கொடுக்கிறார்களே, அதை எங்கள் ஆத்தா பார்த்தால் கையால் தொட மாட்டார். எங்கள் வீட்டுச் சாப்பாட்டில் பாதி, காரமே இல்லாத கூட்டும் மண்டியும் சொதியும். மிளகும் சோம்பும் அளவாகத்தான். ஊர்ப் பெயரை ஆள் ஆளுக்கு எடுத்துக்கொண்டார்கள், கேட்பாரில்லை. கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

பங்குனியில் ஹெச்.பி.ஏ.1சி 9.4. சராசரி 223க்குப் பக்கம். டாக்டர் ஒன்றும் திட்டவில்லை, கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார், அவ்வளவுதான். சீட்டில் கே/சி/ஓ டி2டிஎம் என்று எழுதியிருந்தார். "கேஸ்னு போட்டிருக்காராமே, என் மேல என்ன கேஸ்?" என்று அப்பச்சி வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தார். நோன் கேஸ் ஆஃப் டைப் 2 டயாபடீஸ் மெலிட்டஸ், அதாவது ஏற்கெனவே இரண்டாம் வகைச் சர்க்கரை உள்ளவர் என்று அர்த்தம்.

மருந்துச் சீட்டில் வருவது பெரும்பாலும் லத்தீன் சுருக்கம். ஓ.டி. ஒரு வேளை, பி.டி. இரண்டு வேளை, டி.டி.எஸ். மூன்று வேளை, ஹெச்.எஸ். படுக்கப் போகும்போது, ஏ.சி. சாப்பாட்டுக்கு முன், பி.சி. சாப்பாட்டுக்குப் பின், எஸ்.ஓ.எஸ். தேவைப்பட்டால் மட்டும். கண் டாக்டர் சீட்டில் மட்டும் ஓ.டி. வலது கண். சர்க்கரைக்காரர்கள் வருடம் ஒருமுறை கண் காட்டப் போவதால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். சிறுநீர் டெஸ்டில் வரும் ஏ.சி.ஆர்., ரத்தத்தில் வரும் இ.ஜி.எஃப்.ஆர். இரண்டும் சிறுநீரகத்துக்கு. முதலாவது 30க்குக் கீழே இருப்பது நல்லது, இரண்டாவது 60க்குக் கீழே இறங்கி மூன்று மாதமாகியும் ஏறாவிட்டால் கவனிக்க வேண்டும்.

மாத்திரைப் பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர். அல்லது எக்ஸ்.ஆர். என்று இருந்தால் அது மெல்ல மெல்லக் கரையும் மாத்திரை. இது தெரியாமல் ஆத்தா என்ன செய்தார் தெரியுமா? மாத்திரை பெரிதாக இருக்கிறது, தொண்டையில் சிக்கும் என்று, பாக்குவெட்டியால் நாலு துண்டாக நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அப்பச்சிக்குப் பத்து நாள் வயிறு சரியில்லை. மருந்துக் கடைப் பையன்தான் கேட்டுக் கண்டுபிடித்தான். அப்படி நறுக்கினால் நாள் முழுக்க வேலை செய்ய வேண்டிய மருந்து மொத்தமாக இறங்கிவிடும். கடையில் கேட்காமல் எந்த மாத்திரையையும் உடைக்காதீர்கள்.

இன்னொன்று, ஹைப்போவும் ஹைப்பரும் காதில் ஒரே மாதிரி விழும். ஹைப்பர் சர்க்கரை ஏறியது. ஹைப்போ 70க்குக் கீழே இறங்கியது, அதுதான் உடனடி ஆபத்து. வியர்வை, நடுக்கம், தலைசுற்றல் வந்தால் முதலில் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்துவிட்டு, பதினைந்து நிமிடத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். ஆள் மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

போன வாரம் அம்மான் திரும்ப போன் செய்தார். "6.9 அத்தான்" என்று ஆரம்பித்தார்.

"இருங்க மாப்பிள்ளை" என்று அப்பச்சி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தன் குறிப்பு நோட்டைப் பிரித்தார். அதில் இப்போது மூன்று பத்தி போட்டிருக்கிறார்: வெறும் வயிறு, சாப்பிட்டு, மூணு மாசம். ஓரத்தில் பினாங்குக் கணக்கு, பெருக்கல் 18. சில வருடம் முன்பு மலேசிய வெள்ளியும் (அந்த ஊர்ப் பணம், ரிங்கிட்) 18 ரூபாய்க்குப் பக்கத்தில் இருந்ததாம், அதனால் மறக்காதாம்.

"இப்பச் சொல்லுங்க, எதுல 6.9?"