பெய்த மழையில் கிணற்றுக்கு எவ்வளவு? – கேள்வி பதில்

கேள்வி: ஐயா, கிணற்றுப் பாசன விவசாயி நான். மழையில் நிலத்தடிக்கு இறங்கியதை நானே கணக்கிடலாமா?

பதில்: தாராளமாக. மண்ணை ஒரு வாளியாக வைத்துக்கொள்ளுங்கள். மழை நிரப்பும், வெயிலும் பயிரும் குடிக்கும். அவை குடிப்பதை ஆவியிழப்பு என்போம். வாளி நிறைந்து வழிந்தால்தான் கீழே ஊறும். அமெரிக்கக் காலநிலை அறிஞர்கள் தார்ன்த்வைட்டும் மேதரும் 1955-இல் தந்த முறையின் சாரம் இவ்வளவுதான்.

கேள்வி: ஆவியிழப்பைக் காணப் பென்மன்–மான்டீத் சூத்திரம் காற்று, ஈரப்பதம் எல்லாம் கேட்கிறது. என்னிடம் வெப்பநிலை மட்டுமே இருக்கிறது. (மாணவர்)

பதில்: ஹார்க்ரீவ்ஸ்–சமானி சூத்திரம் (1985) உங்களுக்கானது, தம்பி. சராசரி வெப்பநிலையுடன் 17.8 கூட்டுங்கள். அதை உச்ச, தாழ் வெப்பநிலை வித்தியாசத்தின் வர்க்கமூலம், வளிமண்டல உச்சியின் கதிர்வீச்சு (அங்கே விழும் வெயில், அது ஆவியாக்கக்கூடிய நீரின் மி.மீ. அளவில்), 0.0023 ஆகியவற்றால் பெருக்குங்கள். ஏப்ரலில் 38, 26 டிகிரி என்றால், தென் தமிழகத்தில் கதிர்வீச்சு 15.5 மி.மீ. நீருக்கு ஈடு, விடை நாளுக்குச் சுமார் 6 மி.மீ. இது புல்தரைக்கு, வளர்ந்த நெல்லுக்கு 1.2 மடங்கு. இதில் காற்றுக் கணக்கு இல்லாததால், ஆடிக்காற்று அடிக்கும் பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் இது குறைத்தே சொல்லும்.

கேள்வி: மாதக் கணக்கில் ஐப்பசியிலும் ஊறல் பூஜ்யம். கிணறோ ஏறியிருக்கிறது!

பதில்: நாள் கணக்குப் போடுங்கள். மாத மழை 180, ஆவியிழப்பு 130, மண்ணின் பற்றாக்குறை, அதாவது வாளி நிறைய இன்னும் வேண்டியது, 80 மி.மீ. என்றால், மிஞ்சும் 50-ஐயும் மண்ணே விழுங்கிவிடும். ஆனால் அந்த மழையில் 150 மி.மீ. முதல் மூன்று நாளிலேயே கொட்டியிருந்தால்? பற்றாக்குறை தீர்ந்து 60 மி.மீ. அளவுக்கு வழியும். அதில் ஓடையில் ஓடியது போக மற்றது ஊறும்.

கேள்வி: கரிசலுக்கும் இதேதானா?

பதில்: இல்லை. வெடிப்பு விழுந்த கரிசலில் முதல் மழை வாளி நிறையக் காத்திராமல் நேரே இறங்கிவிடும். வெடிப்பு மூடியபின் தண்ணீர் மேலேயே நிற்கும்.

கேள்வி: ஆண்டு ஊறல் 70 மி.மீ. என்று வந்தது. நம்பலாமா?

பதில்: உடனே நம்பாதீர்கள். மழை 900, ஆவியிழப்பு 750, ஓடியது 80, மிச்சம் 70. ஆவியிழப்பில் நூற்றுக்குப் பத்து பிசகினாலே 75. ஊறல் மொத்தமும் காணாமல் போய்விடும். ஆகவே கிணற்றைக் கேளுங்கள். மழைக்கு முன்னும் பின்னும், மோட்டார் ஓடாத விடியற்காலையில் நீர்மட்டத்தை அளங்கள். சிதைந்த கருங்கல் பாறையின் நீர்விடு திறன் (பாறையின் கன அளவில் வடிந்து வரக்கூடிய நீரின் பங்கு) 2 சதவீதம் என்றால், 70 மி.மீ. ஊறலுக்கு மட்டம் 3.5 மீட்டர் ஏற வேண்டும். இடையில் இறைத்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஏரிக்கரைக் கிணற்றில் அளக்கலாமா?

பதில்: வேண்டாம். அது ஏரிக் கசிவைத்தான் சொல்லும்.