பாயார் தீவு: சுறா, பவளம், ரொட்டித் துண்டு

பள்ளி விடுமுறைக்குப் பாயார் போகிறவர்கள் கேட்ட கேள்விகள், கேட்டவர் ஊர்ப் பெயரோடு. தெரிந்த வரை சொல்கிறேன்.

பிறை: அண்ணே, தீவு எங்கே இருக்கிறது? தங்க முடியுமா?
மலேசியாவின் லங்காவித் தீவுக்குத் தெற்கே, கெடா மாநிலக் கடலில். நீளம் ஏறக்குறைய 2 கிலோமீட்டர், அகலம் கால் கிலோமீட்டர்தான். ஆள் குடியிருப்பு கிடையாது, ஹோட்டலும் கிடையாது. லங்காவியில் படகு ஏறிப் போய் அன்றைக்கே திரும்ப வேண்டியதுதான். பாயார், காச்சா, லெம்பு, செகாந்தாங் நான்கும் சேர்ந்ததுதான் கடல் பூங்கா. சுற்றிலும் 2 கடல் மைல் வரை மீன்பிடிக்கத் தடை, அதனால் தூண்டிலை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

ஆயர் ஈத்தாம்: சுறா கடிக்குமா? மகனுக்கு எட்டு வயது.
அங்கே கரையோரம் வருவது கருமுனைச் சுறா. முதுகுத் துடுப்பின் நுனி மையில் தோய்த்த மாதிரி கறுத்திருக்கும், அதற்குக் கீழே ஒரு வெளிர் பட்டை. குட்டிகள் முழங்கால் அளவுத் தண்ணீரிலேயே சுற்றும், வளர்ந்தது ஒன்றரை மீட்டர் இருக்கும். நம்மைத் தேடி வந்து கடிக்கிற ரகம் இல்லை. கலங்கிய தண்ணீரில் காலை மீன் என்று நினைத்துக் கவ்வுவது அபூர்வமாக நடக்கும், தீனி வாடை இருந்தால் ஆபத்து கூடும். கையில் சாப்பாட்டோடு இறங்க விடாதீர்கள்.

பட்டர்வொர்த்: ரொட்டி போட்டால்தானே மீன் கிட்ட வரும்? காசு கொடுத்துப் போகிறவன் சும்மா பார்த்துவிட்டு வரவா?
சும்மா முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக் காத்திருங்கள், தானாக வரும். கிளிமீன் பாறையைச் சுரண்டுகிற சத்தம், 'கறக் கறக்' என்று, காதிலேயே கேட்கும். அது தின்பது பாறைமேல் படியும் பாசியை. ரொட்டிக்குப் பழகிய மீன்கள் படகடியிலேயே கூட்டம் போடும், பாசியை யார் மேய்வது?

மறுபடி பட்டர்வொர்த்: நாலு துண்டு ரொட்டியில் பவளம் செத்துவிடுமா?
ஒரு படகுக்கு நாலு துண்டு இல்லை தம்பி, ஆளுக்கு நாலு துண்டு, தினமும். 2024-இல் உலகம் முழுக்கக் கடல் சூடேறிப் பவளம் வெளுத்தது. வெளுத்த பவளம் உடனே செத்துவிடாது. உள்ளே இருந்து அதற்குச் சோறு போடுகிற நுண்பாசி வெளியேறிவிட்டது, அவ்வளவுதான். சூடு சீக்கிரம் தணிந்தால் தேறிவிடும். நீடித்தால் செத்துப்போகும், அந்த இடத்தைக் கண்ட பாசியும் மூடிக்கொள்ளும், புதுப் பவளம் ஒட்ட இடம் இருக்காது. அந்த நேரத்தில்தான் மேய்கிற மீன் வேண்டும். இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

புக்கிட் மெர்தாஜாம்: பிஸ்கட் போடலாமா?
கூடாது.

கோலாலம்பூர்: தண்ணீர் தெளிவாக இருக்குமா?
கிழக்குக் கரை ரெடாங் தீவு அளவுக்கு எதிர்பார்க்காதீர்கள். மலாக்கா நீரிணையில் வண்டல் அதிகம், மழைக்குப் பிறகு இன்னும் கலங்கும்.

கிள்ளான்: சுறா கடிக்குமா சார்?
மேலே ஆயர் ஈத்தாம் அக்காவுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஜெலுத்தோங்: ஜெரெஜாக் தீவும் இந்தப் பூங்காவில் சேர்ந்ததா?
இல்லை, அது பினாங்குப் பாலத்துப் பக்கம். தொழுநோயாளர் குடியிருப்பு, பிறகு 1969 முதல் 1993 வரை சிறை. அதை வரலாறு தெரிந்தவரிடம் கேளுங்கள்.

சுங்கை பட்டாணி: பவளத்தின் மேல் நின்று படம் எடுக்கலாமா?
கூடாது. அது உயிர். களைத்தால் மிதவை அங்கியோடு மல்லாந்து மிதந்துகொள்ளுங்கள்.