அந்தரத்தில் தொங்கும் வீடுகள் - கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

நெதர்லாந்து வீடுகளைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து படித்துவருகிறேன். வேலை காரணமாக இப்போது ஐந்தோவனில் இருக்கிறேன். உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு உத்ரெக்ட் போய் ரீட்ஃபெல்ட் ஷ்ரோடர் வீட்டைப் பார்த்தேன், அசந்துபோனேன். அப்புறம் ஆம்ஸ்டர்டாமின் மேற்குப் பகுதியில் வோசோகோ என்ற முதியோர் குடியிருப்பைப் பார்த்தேன். சுவரிலிருந்து முழு வீடுகளே பெட்டி பெட்டியாக வெளியே நீட்டிக்கொண்டு நிற்கின்றன, கீழே தாங்கத் தூண்கூட இல்லை. வித்தை காட்டக் கட்டியது போலத்தான் தோன்றியது. இந்த ஊர்க் கட்டடக்கலைஞர்களுக்கு வீட்டைவிடப் புகைப்படம் முக்கியம் என்கிறார் உடன் வேலை செய்யும் நண்பர். இதில் நீங்கள் என்ன பார்க்கிறீர்கள்?

ர., ஐந்தோவன்

அன்புள்ள ர.,

நானும் உங்களைப் போல வெறும் ரசிகன்தான், கட்டடக்கலை படித்தவன் இல்லை. ஒரு வீட்டைப் பார்த்தால் யாருக்காகக் கட்டினார்கள், அவர்களுக்கு என்ன கிடைத்தது என்றுதான் முதலில் கேட்டுக்கொள்வேன். நெதர்லாந்து வீடுகள் மேல் எனக்குப் பித்துப் பிடித்ததே இந்தக் கேள்வியால்தான்.

வோசோகோவையே எடுத்துக்கொள்வோம். எம்விஆர்டிவி என்ற ராட்டர்டாம் நிறுவனம் வடிவமைத்து, 1997-இல் கட்டி முடித்தது. ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு 100 வீடுகள் வேண்டும் என்பது கோரிக்கை. ஒவ்வொரு வீட்டுக்கும் போதிய வெளிச்சம் வர வேண்டும், கட்டடத்தின் உயரத்துக்கும் வரம்பு உண்டு. இந்த விதிகளுக்குள் நிறுத்திப் பார்த்தால் 87 வீடுகள்தான் அடங்கின. மிச்சம் 13. அவற்றுக்காகப் பக்கத்தில் இன்னொரு கட்டடம் எழுப்பியிருக்கலாம். ஆனால் அந்தப் பகுதியே புல்வெளியும் மரமும் வீட்டைச் சூழ்ந்திருக்க வேண்டும் என்று திட்டமிட்டு உருவானது. இருக்கிற பசுமையைத் தின்ன அவர்களுக்கு மனமில்லை. அதனால் அந்தப் பதின்மூன்றையும் வடக்குச் சுவரிலிருந்து வெளியே தொங்கவிட்டார்கள். கூடுதலாக ஆன செலவை மற்ற இடங்களில் சிக்கனம் பிடித்துச் சரிக்கட்டினார்கள்.

நீங்கள் பார்த்த பெட்டிகள் அந்தப் பதின்மூன்றுதான். கிழக்கும் மேற்கும் பார்த்த ஜன்னல்கள் இருப்பதால் காலையிலும் மாலையிலும் அவற்றுக்குள் வெயில் வரும். கீழே புல்தரை அப்படியே இருக்கிறது. உங்கள் நண்பர் சொல்வது போல இதைப் புகைப்படம் எடுக்காதவர்கள் குறைவு, உண்மைதான். ஆனால் அந்த வடிவம் பிறந்தது ஒரு கணக்கில். பதின்மூன்று முதியவர்களைக் கழித்துவிட மறுத்த கணக்கு அது.

நண்பர் சொல்வதற்குப் பொருத்தமான வீடுகளும் அங்கே உண்டு. ராட்டர்டாமில் பீட் ப்ளோம் 1984-இல் கட்டி முடித்த கனசதுர வீடுகளை நான் பெரிதாகக் கொண்டாட மாட்டேன். சுற்றுலாப் பயணிகள் மொய்க்கிற இடம் அது. ஆனால் சுவர்கள் சாய்ந்து நிற்பதால் சுமார் 100 சதுர மீட்டரில் கால் பங்கு இடம் எதற்கும் ஆகாமல் போகிறது. அலமாரியை எங்கே வைப்பது?

ரீட்ஃபெல்டுக்கு வருகிறேன். 1924-இல் அந்த வீட்டைக் கட்டச் சொன்ன திருமதி ஷ்ரோடர் கணவரை இழந்தவர், மூன்று பிள்ளைகளின் தாய். அதை வடிவமைத்த ரீட்ஃபெல்டோ அடிப்படையில் மர நாற்காலி செய்கிறவர். மாடியில் நிலையான அறைகளே வேண்டாம் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். பகலில் ஒரே கூடம், இரவில் நகரும் தடுப்புகளை இழுத்துவிட்டால் தனித்தனி அறைகள். கட்டட விதிகள் இதற்கு இடம் கொடுக்கவில்லை, அதனால் அனுமதிக்கான வரைபடத்தில் மாடியைப் பரண் என்று காட்டினார்கள். மூலையில் இரண்டு ஜன்னல்கள் சந்திக்கிற இடத்தைக் கவனித்திருப்பீர்கள். நடுவில் தூண் இல்லை. இரண்டையும் திறந்தால் அந்த மூலையே காணாமல் போய்விடும். கீழே வாசலருகே சாமான் கொண்டுவருகிறவர்களுக்காக ஒரு பேச்சுக்குழாயும் உண்டு. மணியடித்தும் யாரும் வராவிட்டால் குழாயில் பேசலாம். திருமதி ஷ்ரோடர் 1985-இல் இறக்கும் வரை அங்கேதான் வாழ்ந்தார். அறுபது வருடம் ஒருவர் விரும்பி வாழ்ந்த வீடு என்பதைவிடப் பெரிய சான்றிதழ் ஒரு வீட்டுக்கு வேண்டுமா?

ஆனாலும் அது வசதியான ஒரு குடும்பத்தின் தனி வீடு. என்னை அதிகம் ஈர்ப்பவை வாடகைக் குடியிருப்புகள்தான். 1901-இல் அங்கே வீட்டுவசதிச் சட்டம் வந்தது. லாப நோக்கமில்லாத வீட்டுவசதிச் சங்கங்களுக்கு அரசுக் கடன் கிடைத்தது. அதன் பிறகு நாட்டின் மிகச் சிறந்த கட்டடக்கலைஞர்கள் தொழிலாளி வீட்டை வரைய உட்கார்ந்தார்கள். ஆம்ஸ்டர்டாமில் மிகேல் டெ கிளெர்க் கட்டிய ஹெட் ஸ்கிப், அதாவது 'கப்பல்', 102 தொழிலாளர் வீடுகளுக்கான கட்டடம். செங்கல்லில் அப்படி ஒரு நுணுக்கம் சாதாரணமாகப் பணக்காரர் மாளிகைக்குத்தான் வாய்க்கும்.

ராட்டர்டாமின் ஸ்பாங்கன் பகுதியில் மிகீல் பிரிங்க்மன் 1922-இல் முடித்த யூஸ்டுஸ் ஃபான் எஃபன் குடியிருப்பைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். 264 வீடுகள். முற்றங்களைச் சுற்றி நான்கு தளம். மேல் வீடுகளின் வாசலுக்கு முன்னால், தரைக்கு இரண்டு தளம் மேலே, ஒரு தெருவே ஓடுகிறது. இரண்டிலிருந்து மூன்று மீட்டர் அகலம். பால்காரரும் ரொட்டிக்காரரும் தள்ளுவண்டியோடு லிஃப்டில் ஏறி வாசல் வாசலாக வருவார்கள். குழந்தைகள் அங்கேயே விளையாடலாம், ஓரமெங்கும் பூத்தொட்டிகள். 1922-இல் வாடகைத் தொழிலாளி குடும்பத்துக்கு மையச் சூடாக்கல், அதாவது ஒரே இடத்திலிருந்து எல்லா வீட்டுக்கும் குளிர்கால வெப்பம்! நடுவில் பொதுக் குளியல் கூடமும் இருந்தது. மாடி வீட்டில் இருப்பவருக்கும் வாசல் வேண்டும், அந்த வாசலுக்கு முன்னால் தெரு வேண்டும் என்று பிரிங்க்மன் நினைத்தார் பாருங்கள், அங்கேதான் நான் விழுந்தேன்.

எல்லாம் நன்றாகவே நடந்தது என்று சொல்ல வரவில்லை. 1960-களின் கடைசியில் ஆம்ஸ்டர்டாமுக்குத் தென்கிழக்கே பெய்ல்மர்மேரில் தேன்கூட்டு வடிவில் எழுப்பிய பிரம்மாண்டமான அடுக்ககங்களில் பல பிற்பாடு இடிக்கப்பட்டன. இடிபட இருந்த கிளைபர்க் என்ற 11 மாடிக் கட்டடம், 500 வீடுகள், ஒரு யூரோவுக்குக் கைமாறியது. லிஃப்டையும் நடைபாதைகளையும் சீர்செய்துவிட்டு, உள்ளே சமையலறையோ குளியலறையோ இல்லாமல் வெறும் கூடாக வீடுகளை மலிவாக விற்றார்கள். மிச்சத்தை வாங்கியவர்களே செய்துகொண்டார்கள். 2017-இல் அதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் கட்டடக்கலைப் பரிசான மீஸ் ஃபான் டெர் ரோஹ விருது கிடைத்தது. இன்றைக்கு ஆம்ஸ்டர்டாமில் சங்க வாடகை வீட்டுக்குப் பத்து வருடத்துக்கும் மேலே காத்திருக்க வேண்டியிருக்கிறது, அதுவும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இவ்வளவு கெட்டிக்கார வீடுகளைக் கட்டிய நாடு அவற்றைப் போதுமான அளவு கட்டாமல் விட்டது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

நீங்கள் ஒருமுறை ஸ்பாங்கன் போய் வாருங்கள். ஸ்பார்ட்டா கால்பந்து மைதானம் இருக்கும் பேட்டைதான். 1980-களின் சீரமைப்பில் பூசிய வெள்ளைச் சாயத்தை நீக்கி, 2012 வாக்கில் பழைய செங்கல்லை வெளியே கொண்டுவந்திருக்கிறார்கள். மக்கள் குடியிருக்கும் இடம், ஜன்னல்களுக்குள் எட்டிப்பார்க்க வேண்டாம். உங்கள் நண்பரையும் அழைத்துப் போங்கள், அவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.

அன்புடன்