கனோசாவின் பனியும் திருகைக்கல்லும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

போட்டித் தேர்வுக்காக மத்தியகால ஐரோப்பிய வரலாறு படிக்கிறேன். 1077 ஜனவரியில் ஜெர்மானிய மன்னர் நான்காம் ஹென்றி, இத்தாலியின் கனோசா கோட்டை வாசலில் பனியில் வெறுங்காலோடு மூன்று நாள் நின்று போப் ஏழாம் கிரிகோரியிடம் மன்னிப்புக் கேட்டார் என்கிறார்கள். படைபலம் இல்லாத ஒருவருக்கு இவ்வளவு அதிகாரம் எப்படி வந்தது? நரகத்தைக் காட்டினால் ஒரு கண்டமே அடங்கிக் கிடக்குமா? அந்த ஜனங்களுக்கு யோசிக்கவே தெரியாதா? நிலப்பிரபுத்துவத்தையும் திருச்சபையையும் தனித்தனியாகப் படிப்பதா, சேர்த்துப் படிப்பதா?

ம.

அன்புள்ள ம.,

மாவு மில்லைப் பற்றி எழுத வேண்டும் என்று ஒரு மாதமாக மனதில் ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் கடிதம் வந்து மாட்டிக்கொண்டது.

கனோசாவை முதலில் முடித்துவிடுவோம். கிரிகோரி 1076இல் ஹென்றியைச் சபையிலிருந்து விலக்கியதோடு நிற்கவில்லை. அவருக்குச் செய்துகொடுத்த விசுவாசச் சத்தியம் இனி யாரையும் கட்டாது என்றும் அறிவித்தார். நிலப்பிரபுத்துவத்தின் அச்சாணியே அந்தச் சத்தியம்தான். நிலம் வாங்கியவன் கொடுத்தவனின் கைகளுக்குள் தன் கைகளை வைத்து, புனிதர்களின் எலும்புமீதோ வேதத்தின்மீதோ ஆணையிடுவான். முடிச்சைப் போட்டுக்கொடுத்த சபையே அதை அவிழ்த்தும் விட்டது. ஏற்கெனவே ஹென்றிமேல் கடுப்பில் இருந்த பிரபுக்கள், ஒரு வருடத்துக்குள் விலக்கம் நீங்காவிட்டால் நீ எங்கள் அரசன் இல்லை என்றார்கள். பனியில் நிற்காமல் என்ன செய்வார்? 1084இல் அதே ஹென்றி ரோமைப் பிடித்து, வேறொரு போப்பை உட்காரவைத்து, அவர் கையாலேயே பேரரசராக முடிசூட்டிக்கொண்டார். கிரிகோரி மறுவருடம் சலேர்னோவில், ரோமுக்குத் திரும்ப முடியாமலேயே இறந்தார். அவ்வளவுதான் கனோசா.

‘யோசிக்கவே தெரியாதா’ என்று கேட்டீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. ஒரு கூலிக்காரனின் சமையற்கட்டுக்குள் போய்ப் பார்க்காமல் அவனை முட்டாள் என்று சொல்ல உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? இங்கிலாந்தில் பல ஊர்களில் பண்ணையாள் செத்தால் வீட்டிலிருந்த நல்ல மாட்டைப் பிரபு ஓட்டிக்கொண்டு போவார், அதற்கடுத்த மாடு பங்குச் சாமியாருக்கு. விளைச்சலில் பத்தில் ஒன்று தசமபாகம். சில ஊர்களில் பிரபுவே மடாலயம்தான். நரகத்தை விடுங்கள், அந்த வீட்டில் மறுவருடம் ஏர் பூட்ட மாடு இருந்திருக்குமா?

என் பாட்டி வீட்டில் ஒரு திருகை இருந்தது. மேல்கல்லின் குழியில் கேழ்வரகைப் போட்டுக்கொண்டே, இன்னொரு கையால் முளையைப் பிடித்துச் சுற்றுவாள். ஊருக்கு மாவு மில் வந்ததும் தூக்குவாளியோடு என்னை அனுப்பினாள். திரும்பி வந்ததும் வாளியைத் தூக்கிப் பார்த்து, “ஆழாக்கு குறையுதேடா” என்பாள். மிஷினில் ஒட்டிய மாவு மில்காரருக்கு. இரண்டு மாதம் பார்த்துவிட்டு, பேசாமல் திருகையிடமே திரும்பிவிட்டாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை.

இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸ் ஊர்க்காரர்களுக்கு அது வாய்க்கவில்லை. ஊர் மொத்தமும் மடாலயத்துக்குச் சொந்தம். தானியத்தை மடாலயத்தின் ஆலையில்தான் அரைக்க வேண்டும், அரைத்ததில் ஒரு பங்கு கூலி. வீட்டில் திருகை வைத்துக்கொண்டால் குற்றம். இதற்காகத் தலைமுறை தலைமுறையாக வழக்காடினார்கள், கைகலப்பும் நடந்தது. 1330களில் மடத்தலைவர் ரிச்சர்ட் ஆஃப் வாலிங்ஃபோர்டு ஜெயித்தார். வீடு வீடாகப் பறித்த திருகைக்கற்களை மடாலயத்தின் பேச்சறைத் தரையில் பதித்தார். மடத்துக்கு வருகிறவன் தன் வீட்டுக் கல்லை மிதித்துக்கொண்டுதான் வந்திருப்பான்.

இந்த ரிச்சர்டைக் கொடுமைக்காரன் என்று தள்ளிவிடவும் முடியவில்லை. கொல்லன் மகன். பத்து வயதில் அப்பா போய்விட, ஒரு துறவிதான் எடுத்து வளர்த்தார். ஆக்ஸ்போர்டில் படித்தவர், கணித மேதை. சந்திரனின் ஓட்டத்தையும் கிரகணத்தையும் காட்டும் கடிகாரத்தை மடாலயத்துக்காக வடிவமைத்தவர். தொழுநோய் அரித்துத் தின்றுகொண்டிருந்த உடம்போடு இவ்வளவையும் செய்தார். கொல்லன் வீட்டிலும் ஒரு திருகை இருந்திருக்கும். அதை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை.

கற்கள் ஐம்பது வருடம் போலத் தரையில் கிடந்தன. 1381 ஜூனில் குடியானவர் கலகம் மூண்டபோது ஊர்க்காரர்கள் உள்ளே புகுந்து தரையைப் பெயர்த்தார்கள். கற்களை உடைத்து ஆளுக்கொரு துண்டு பகிர்ந்துகொண்டார்கள், ஞாயிற்றுக்கிழமை கோவிலில் மந்திரித்த ரொட்டியைப் பகிர்வதுபோல. இதை எரிச்சலோடு எழுதிவைத்தவர் அதே மடத்துத் துறவி தாமஸ் வால்சிங்கம். ஐம்பது வருடத்துக்கு முந்தைய கல்லை மறக்காத ஜனங்கள் ஐயா அவர்கள். சபையை எதிர்க்கும்போதும் கைக்கு வந்தது சபையின் சடங்குதான். இதை யோசியுங்கள், நரகத்தைப் பிறகு பார்க்கலாம்.

கலகத்தில் ஊர்க்காரர்களின் தலைவராக இருந்த வில்லியம் கிரிண்ட்காப் பிடிபட்டார். மடத்திடமிருந்து பிடுங்கிய உரிமைச் சாசனங்களைத் திருப்பிக் கொடுக்க ஊரைச் சம்மதிக்க வைத்தால் உயிர் பிழைக்கலாம் என்றார்கள். அவர் அதைச் செய்யவில்லை. அவரையும் இன்னும் சிலரையும் தூக்கில் போட்டார்கள். தொங்கிய உடல்களை ஊர்க்காரர்கள் ரகசியமாக இறக்கிப் புதைத்தபோது, தோண்டியெடுத்துத் தங்கள் கையாலேயே சங்கிலியில் மறுபடி தொங்கவிட வேண்டும் என்று அரசாணை வந்தது. தொங்கவிட்டார்கள்.

சரி, சேர்த்தே படியுங்கள். தேர்வில் கனோசாவைத்தான் கேட்பார்கள், 1077 ஜனவரியை மறந்துவிடாதீர்கள். பாட்டியின் திருகை இப்போது அண்ணன் வீட்டுக் குழாயடியில் கால் கழுவும் கல்லாகக் கிடக்கிறது. போன தடவை போனபோது அதன்மேல் நிற்க என்னவோ போலிருந்தது, தள்ளி நின்றே கழுவிக்கொண்டேன்.